ஒன்பதாம் எண்ணின் முப்பத்தொரு நாட்கள்

மார்ச் 4

பதினேழாம் எண் வீட்டு அம்மாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. நானும் உங்களைப் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் ஜனவரி பன்னிரண்டாம் தேதி காலையில் டம்ளரைக் கீழே விட்டதும், பத்தொன்பதாம் தேதி ஒரு சட்டைப் பொத்தானோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியதும் எனக்குத் தெரியும். ஊசிக் கம்பெனியிலிருந்து நேற்று வந்த பார்சலில், அவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிற என்னுடைய நாள்குறிப்புப் புத்தகம் இருக்கும் என்று பிரித்தேன். உங்களுடையது இருந்தது. கையெழுத்து என்னுடையது அல்ல என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தது. இருந்தும் நான்கு பக்கம் படித்துவிட்டேன். மன்னியுங்கள்.

இந்த ஊசிச் சோதனையில் நாங்கள் ஒன்பதாம் எண். தசை தேயும் அதே நோய்தான் என் வீட்டுக்காரருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சாக்பீஸ் பிடிக்க முடியாமல் போனதும் வீட்டோடு இருக்கிறார். நவம்பர் முதல் தேதி முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். கெட்டுப்போன மரபணுவுக்குப் பதில் நல்லதை உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊசி என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். முதல் குழுவில் பன்னிரண்டு பேர். நீங்கள் ஊசிக்கு முன்பே நாள்குறிப்பு எழுதுகிற இரண்டாவது குழுவாக இருக்க வேண்டும்.

உங்கள் புத்தகத்தை இதோடு அனுப்புகிறேன். விலாசம் உள்ளட்டையில் இருந்தது. என்னுடையது உங்களிடம் வந்திருந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். பக்கங்களைப் புரட்ட வேண்டாம்.

நோயாளி வீட்டார் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இது பேச்சு அல்ல, பொருளைத் திருப்பித் தருவது. கம்பெனி கொடுத்த போன் மேசை மேல் இருக்கிறது. அவர் இருமினால்கூட அது குறித்துக்கொள்ளுமாம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆண்டவன் உங்கள் வீட்டுக்காரரைக் காக்கட்டும்.

ஒன்பதாம் எண் வீட்டுக்காரி

*

மார்ச் 9

ஒன்பதாம் எண் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம்தானே. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அக்கா மாதிரிதான் இருக்கிறது.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து குண்டும் குழியுமாக இருந்தால் ரோடு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

புரட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வருவதற்குள் இரண்டு தடவை புரட்டியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். ஆள் உயரம் என்பதால் எல்லாரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அந்த ஏணியை நான்தான் சுவரில் சாய்த்து வைக்கிறேன். முப்பத்துமூன்றாம் நாள் வாத்தியார் தானே பொத்தான் போட்டார் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன்.

“எந்தப் பொத்தான்?” என்று கேட்டார்.

“கழுத்துப் பொத்தானாம்.”

“அதான் இருக்கறதுலயே கஷ்டம். இன்னொரு தடவை படி.”

மூன்று தடவை படித்தேன். கண்ணைத் துடைக்கக் கை ஏறாமல் தோளிலேயே துடைத்துக்கொண்டார்.

எங்களுக்கு ஏப்ரல் பதினேழு ஊசி. அளவு உங்களுடையதைப்போல மூன்று மடங்கு. “முதல் குழுவில யாருக்கும் பெருசா ஒண்ணுமே வரலைம்மா, அதனாலதான் தைரியமா ஏத்தறோம்” என்று கம்பெனி டாக்டரம்மா சொன்னார்கள். ஏணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று மடங்கு என்றால் மூன்று மடங்கு வேகமாகப் பொத்தான் போடலாம் என்று கணக்குப் போடுகிறார்.

ஒரே ஒரு சந்தேகம். உங்கள் புத்தகத்தில் முப்பத்தொரு நாளுக்கு ஒன்றும் எழுதவில்லை, வெறும் புள்ளி வைத்திருக்கிறீர்கள். பத்தொன்பதாம் நாள் தொடங்கி இருபத்தொன்பது வரை வரிசையாகப் புள்ளி. நீங்கள் ஒரு நாள்கூட மறக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை. அது என்ன? அதைச் சொல்லுங்கள், புத்தகத்தை அனுப்பிவிடுகிறேன்.

வேன்காரி

*

மார்ச் 15

தங்கச்சிக்கு,

எழுத ஒன்றும் இல்லாத நாட்களில் புள்ளி வைத்தேன். அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். கல்யாணத்துக்குப் பிறகு மளிகைப் பொட்டலத்தின் மேல் இருந்த எழுத்தையும் பிரார்த்தனைப் புத்தகத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு நானே கற்றுக்கொண்டேன். அதனால் எழுத்து என்றால் எனக்குக் கொஞ்சம் பயபக்தி உண்டு. நல்லதைத்தான் எழுதுவேன். உன் வீட்டுக்காரருக்கும் நல்லது நடக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். வாத்தியார் இப்போது மாடிப்படி ஏறுகிறார். இது சத்தியம். அதையும் அவரிடம் சொல்.

மூன்று மடங்கு என்று எழுதியிருந்தாய். கேட்டது சரியாகக் கேட்டாயா? முதல் குழுவில் ஒன்றும் வரவில்லை என்று எதைப் பார்த்துச் சொன்னார்களாம்? புத்தகத்தைப் பார்த்தா? அதை மட்டும் டாக்டரம்மாவிடம் விசாரித்து எழுது.

உன் வீட்டுக்காரருக்கு ஈரல் பலமாக இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

புத்தகத்தை அனுப்பு.

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

சும்மா யாரும் ஈரலைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

டாக்டரம்மாவிடம் விசாரித்தேன். புத்தகத்தைப் பார்த்துத்தான் என்றார்கள். முன்பக்கக் கட்டங்களை மெஷின் படிக்குமாம். புள்ளியை, காலி என்று எடுத்துக்கொள்ளுமாம். காலி என்றால் தொல்லை இல்லை என்று அர்த்தமாம்.

ஆனால் அக்கா, உங்களுக்குக் கணக்கு எழுதாமல் கை நிற்காது. புத்தகத்தின் கடைசி ஆறு பக்கத்தை மெஷின் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஊசியோடு கம்பெனி தருகிற சின்ன வெள்ளை மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டு, இரண்டு என்று வருகிறது. இருபதாம் நாள் எட்டு. இருபத்தொன்றாம் நாள் எட்டு. சோப்புக் கட்டி வாரத்துக்கு ஒன்று என்று இருந்தது அந்த வாரம் நான்கு. இருபத்திரண்டாம் நாளுக்கு நேரே, “விரிப்பு துவைத்தது 7” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே நாளில் ஏழு படுக்கை விரிப்பு துவைத்த வீட்டில் எழுத ஒன்றும் இல்லையா?

நான் தினமும் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகிறவள். கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுக்க மாட்டேன். எனக்கு நீங்கள்தான் கண்ணாடி. இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது.

புத்தகத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினேன் என்று இருக்கக் கூடாது.

வேன்காரி

*

மார்ச் 27

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரமாக இடுப்பிலேயே செருகி வைத்திருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் அவர் கண் இரண்டும் மஞ்சள். இருபதாம் நாள் சிறுநீர் டிக்காஷன் நிறம். கம்பெனி நர்சுக்குப் போன் செய்தேன். “மாத்திரையை எட்டாக்குங்கம்மா, புத்தகத்துல எழுதிடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். இருபத்தொன்றாம் நாள் கஞ்சி கொண்டுபோனபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாரும்மா நீங்க? எங்க வீட்டுக்காரியை வரச் சொல்லுங்க” என்றார். இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவர், என்னிடம் மரியாதையாகப் பேசினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம். நிற்கவில்லை. விரிப்பு மாற்ற மாற்ற நனைந்தது.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். கெட்டதை என் கையால் எழுதினால் அது நிலைத்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். சின்ன வயதிலிருந்து உண்டு. பொய் எழுதினால் பாவம். அதனால் நன்றாக இருக்கிறார் என்று எழுதவில்லை. புள்ளி வைத்தேன். புள்ளி பொய் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு அவருக்கு நினைவு தெளிந்ததும், “எழுதிடாத. எழுதினா என்னைக் குழுவிலேருந்து எடுத்துடுவாங்க, மாத்திரையும் நின்னுடும்” என்றார். வாத்தியார் சொன்ன பிறகு எனக்கு அது கடமை மாதிரி ஆகிவிட்டது.

என் வீட்டுக் கட்டம் காலியாக இருந்தால் அதை வைத்து இன்னொரு வீட்டில் அளவை ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆண்டவன் சாட்சி, தெரியாது. புத்தகம் எனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிற விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

முப்பத்தொரு நாளையும் நாள் நாளாகத் தனிக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். நாற்பதுகளில் வந்தது, எழுபதுகளில் திரும்ப வந்தது எல்லாம் இருக்கிறது. ஒரு பிரதி உனக்கு. ஒன்றை டாக்டரம்மாவுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். வாத்தியாரிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். காலையிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

உனக்கு எது சரி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் மாடிப்படி ஏறுகிறார் என்பதும் நிஜம்தான்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் தேதி போன் வந்தது. “இரண்டாவது குழு தேதி குறிப்பிடாமல் தள்ளி வைக்கப்பட்டுள்ளது” என்று பதிவு செய்து வைத்த குரல் சொன்னது. அதனிடம் என்ன கேட்பது?

உங்கள் காகிதத்தை ஏணியிடம் மறைக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அந்தம்மா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்” என்றார். தட்டை வீசக் கை ஓங்கினார். தட்டு மேசையை விட்டு எழும்பவில்லை. நான் அதை எடுத்துக் கழுவி வைத்தேன்.

நான்தான் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒப்புக்கொள்கிறேன். இப்போது நான்தான் உங்களைத் திட்டுகிறேன். காலையில் வண்டி ஓட்டும்போது வாய்விட்டே திட்டினேன், முன்சீட்டில் இருந்த பிள்ளை, “யாரை ஆன்ட்டி?” என்று கேட்டது.

போன வாரத்திலிருந்து அவருக்கு விழுங்குவது சிரமமாகிவிட்டது. அடுத்தது மூச்சு என்று எங்களுக்குத் தெரியும். வேறு நாட்டுக் கம்பெனி ஒன்று இதே மாதிரி ஊசியைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டதாம். விலையைச் சொன்னார்கள். எங்கள் தெருவிலிருக்கிற எல்லா வீட்டையும் விற்றாலும் ஒரு கைக்குத்தான் காணும். வாங்க முடியாதவர்கள் உடம்பில்தான் அளந்து பார்க்கிறார்கள். பார்த்து முடித்துச் சரியான அளவு தெரிந்த பிறகு அது எங்களுக்குக் கிடைக்காது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம். வேறு வாசல் இல்லை. அந்த ஒரு வாசலையும் நீங்கள் சாத்திவிட்டீர்கள். சாத்தச் சொன்னவள் நான்.

பதில் எழுத வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதக் கை வரவில்லை.

வேன்காரி

*

ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

திட்டு. எனக்கு அது வேண்டும்.

எட்டாம் தேதி கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையாக உட்கார்ந்தார்கள். பதிவில் இடைவெளி விட்டது நோயாளி வீட்டாரின் தவறு என்று ஒரு காகிதம் காட்டினார்கள். நர்சு எட்டு மாத்திரை சொன்னதைச் சொன்னேன். அப்படி ஒரு போன் வந்ததாகப் பதிவே இல்லை என்றார்கள். அவர் இருமியதெல்லாம் பதிவில் இருக்கிறது, நான் அழுதுகொண்டே பேசியது இல்லை. வெள்ளை மாத்திரை இன்னும் மூன்று மாதம் தருவார்களாம். பிறகு எங்கள் பாடு.

மறுநாள் டாக்டரம்மா தனியாக வந்தார். ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். என் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் கேட்டு, மாத்திரை, சோப்பு, விரிப்பு எல்லாவற்றையும் தன் கையால் எழுதிக்கொண்டார். “மூணு மடங்கை நிறுத்தியாச்சும்மா. உங்க வீட்டுக்காரருக்குப் போட்ட அளவே போடறதா பேச்சு நடக்குது” என்றார். அதனால் உன் வாசல் முழுக்கச் சாத்தவில்லை. இதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். “எங்களுக்கு முன்னாடி எட்டுப் பேர் இருக்காங்களே டாக்டரம்மா. ஒண்ணாம் எண்ணுக்கு ஊசி போட்டு வருஷம் ஆகியிருக்குமே. அவங்கல்லாம் எப்படி இருக்காங்க?”

அவர் பேனாவை மூடினார். “அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைம்மா” என்றார். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்ல என்ன அனுமதி வேண்டும்?

அன்றிலிருந்து அந்த எட்டு வீட்டையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உனக்கு முன்னால் நடக்க நான் இருக்கிறேன். எனக்கு முன்னால் நடந்தவர்களின் காலடி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வாத்தியார் பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் நான்கு நாளாக வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். வெளிச்சம் கூசுகிறதாம். கழற்றச் சொன்னால் சிரிக்கிறார். எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது. புத்தகத்தில் எழுதிவிட்டேன்: கண்ணாடி, நான்கு நாள்.

அக்கா

*

மே 18

அக்கா,

ஒரு மாதமாக எழுதாததற்கு மன்னியுங்கள். நான் முடிவு பண்ணுகிற வரைக்கும் உங்களிடம் கேட்கக் கூடாது என்று இருந்தேன். கேட்டிருந்தால் பாதிப் பாவம் உங்கள் தலையில் விழுந்திருக்கும்.

கம்பெனியிலிருந்து புதுக் காகிதம் வந்தது. ஒற்றை அளவு. இந்தத் தடவை அவரால் பேனா பிடிக்க முடியாததால் வீட்டுக்காரி கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். உங்கள் முப்பத்தொரு நாளையும் மறுபடி அவருக்குப் படித்தேன். ஒரு நாளையும் விடவில்லை.

“முப்பத்தொரு நாள்தானே. மிச்ச நாளெல்லாம் வாத்தியாருக்கு நல்லாத்தானே இருந்திருக்கு?” என்றார்.

“என்னை யாருன்னே தெரியாமப் போனா?”

“வேன்காரி ஒருத்தி வருவா, அவ சொல்றதைக் கேளுன்னு இப்பவே எழுதிச் சட்டைப் பையில வைச்சிடு.”

சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பப் பத்து நிமிடம் ஆனது.

மே நான்காம் தேதி ஊசி. இன்று பதினைந்தாம் நாள். அக்கா, இன்று காலை ஸ்பூனைத் தானே பிடித்தார். இரண்டு வாய் கஞ்சி அவர் கையாலேயே. உள்ளங்கை முந்தாநாளிலிருந்து குறுகுறு என்று இருக்கிறதாம், நாற்காலி விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். “செத்த நரம்பு முழிச்சுக்குது பாரு” என்று ஊரெல்லாம் சொல்கிறார். உள்ளங்காலும் அப்படித்தான் என்கிறார். உங்கள் பட்டியலில் இந்த நல்ல விஷயம் இல்லையே, வாத்தியாருக்கு வரவில்லையா?

பத்தொன்பதாம் நாளுக்காகத் தயாராக இருக்கிறேன். லீவிலும் கோடை வகுப்புக்கு வேன் ஓடுகிறது, அன்றிலிருந்து அதற்கு வேறு டிரைவர் சொல்லிவிட்டேன். காலையில் விடிந்ததும் கண்ணைப் பார்ப்பேன், மஞ்சள் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. புத்தகத்தில் நல்லது கெட்டது எல்லாம் எழுதுகிறேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினாரா? உங்களிடமிருந்தும் ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

வேன்காரி

*

மே 20

தங்கச்சிக்கு,

உன் கடிதம் இன்று மதியம்தான் கிடைத்தது. வாசலிலேயே நின்று படித்தேன். முதலில் இதைப் படித்துவிடு: உள்ளங்கை குறுகுறுப்பது நரம்பு விழிப்பது அல்ல. ஈரல் கெடத் தொடங்குவது. கண்ணுக்கு மஞ்சள் வரும் வரை காத்திருக்காதே.

இதை நான் பட்டியலில் எழுதவில்லை, எனக்கே அப்போது தெரியாது. வாத்தியார் சென்ற மாதம் இருபதாம் தேதி மறுபடி படுத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றியபோது கண் எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. ஒரு மாதமாக ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இருக்கிறேன். துணி எடுக்க வந்த இடத்தில் உன் கடிதம். அங்கே ஈரல் டாக்டர் கேட்டார்: “இதுக்கு முன்னாடி கை கால் அரிச்சுதா?” அப்போதுதான் எனக்கு உறைத்தது. நவம்பரில் அவர் கட்டில் சட்டத்தில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். குளிர்காலத் தோல் வறட்சி என்று எண்ணெய் தடவினேன். அதற்கு மூன்றாம் நாள்தான் கண் மஞ்சளானது. அரிப்பு தொடங்கிய அன்றே எட்டு மாத்திரை கொடுத்திருந்தால் ரத்தம் வரை போயிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

உன் போன் எண் என்னிடம் இல்லை. நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை. டாக்டரம்மாவின் எண்ணை யாரோ ஒரு ஆள் எடுத்து, அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். கம்பெனிக்குப் போன் செய்து பதினேழாம் எண் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஒரு நோயாளி வீட்டுத் தகவலை இன்னொரு வீட்டுக்குச் சொல்வது விதிக்கு விரோதமாம். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே குரல், அதே மரியாதை.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடி, உன் கடிதத்தை வாத்தியாரிடம் படித்தேன். இன்று அவருக்கு நினைவு இருக்கிறது. ஸ்பூன் வரியில் புன்னகைத்தார். குறுகுறு வரியில் என் கையைப் பிடித்தார். “எழுது. உட்காராத, நின்னுக்கிட்டே எழுது” என்றார். வராந்தாச் சுவரில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன்.

கூரியர் பையன் நாளைக் காலை ஒன்பது மணிக்குள் சேர்ப்பதாகச் சொல்கிறான். வீட்டில் நீ இருக்க மாட்டாய், அதனால் உன் புத்தக உள்ளட்டையில் பார்த்துக் குறித்து வைத்த பள்ளிக்கூடத்தின் வாசல், மஞ்சள் வேன் என்று விலாசம் எழுதியிருக்கிறேன். நாளை உனக்குப் பதினெட்டாம் நாள். எனக்கு அன்று ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரிகிறது.

யாரிடமும் அனுமதி கேட்காதே. போனில் பேசிக்கொண்டு நிற்காதே. பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பு.

அக்கா